சிறுகதையால் சொல் படிப்பித்தல்: பட்டியல் எழுதிப் பாடமாக்கியும் ஏன் நிற்கவில்லை?

உப்புவெளி வாசிப்பு வட்டம் கேட்டது:

வணக்கம். சனசமூக நிலையத்தில் பின்னேர வாசிப்பு வகுப்பு ஒன்று நடக்கிறது. தரம் 7, 8 பிள்ளைகள் 14 பேர், எல்லாருக்கும் வீட்டுமொழி தமிழ்தான். கிழமைக்கு ஒரு சிறுகதை. கதையை வாசிப்பார்கள், தெரியாத சொல்லை எல்லாம் கொப்பியில் எழுதுவார்கள், பக்கத்தில் கருத்து எழுதிக் கொடுப்போம், அடுத்த கிழமை கேட்போம்.

ஒரு கதைக்கு 35, 40 சொல் சேர்ந்துவிடுகிறது. பட்டியல் வரிசையில் கேட்டால் கடகடவென்று சொல்கிறார்கள், வரிசையை மாற்றினால் முழிக்கிறார்கள். அதைவிட மோசம், கருத்துத் தெரிந்த சொல்லையும் பிழையாகப் போடுகிறார்கள். "தயங்கினான் = யோசித்தான்" என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒரு கொப்பியில் வந்த வசனம்: "நான் கணக்கை நன்றாகத் தயங்கி விடை எழுதினேன்."

அடுத்து எடுக்கப்போவது கடற்கரைக் கதை. வகுப்பு 40 நிமிடம்தான். எதை மாற்ற வேண்டும்?

தமிழ் ரீச்சர் (தம்பலகாமம்):

அந்தத் "தயங்கி" வசனத்தில் பிழை பிள்ளையில் இல்லை, நடுவில் போட்ட சமன்குறியில் இருக்கு. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைச் சமன் என்று கொடுத்தால், இரண்டையும் எங்கேயும் மாற்றிப் போடலாம் என்றுதான் பிள்ளை எடுக்கும். "செய்வமா விடுவமா என்று கால் பின்னுக்கு நிற்கிறது" என்று நிலைமையைச் சொல்லுங்கோ. பிறகு அந்தச் சொல் எதோடு கூட வரும் என்று காட்டுங்கோ: "கேட்கத் தயங்கினாள்", "தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்." இரண்டு வசனம் காணும். கணக்கைத் தயங்க ஏலாது என்று அதுகளுக்கே விளங்கும்.

ஒரு கதையில் 40 புதுச்சொல் வந்தால் பிள்ளையை விட்டுவிட்டுக் கதையைச் சந்தேகப்படுங்கோ. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்போரை வைத்துப் போல் நேஷன் போன்றவர்கள் ஆராய்ந்ததில், யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையை விளங்கிக்கொள்ள 100 சொல்லில் 98 தெரிந்திருக்க வேணும் என்று வந்தது. 600 சொல்லுக் கதையில் அது 12 புதுச்சொல். தமிழில் ஒரு சொல்லில் நாலு விகுதி ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. படிப்பிக்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் 20 சொல்லுக்கு ஒன்று வரைக்கும் சமாளிக்கலாம். கதையை வகுப்புக்குக் கொண்டு போகமுன்னம் நடுப்பகுதியில் 100 சொல் எண்ணி, நடுத்தரமாக வாசிக்கிற இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கோ. முதல் பந்தி வேண்டாம், கதாசிரியர்கள் அதில்தான் வர்ணனையைக் கொட்டுவினம். ஐந்துக்கு மேல் புதுச்சொல் வந்தால் அந்தக் கதை வாசித்துக் காட்ட நல்லது, சொல் படிப்பிக்க உதவாது.

வந்த புதுச்சொல்லில் எட்டு எடுங்கோ, அதற்கு மேல் வேண்டாம். இந்தச் சொல் தெரியாவிட்டால் கதை நின்றுவிடுமா? இந்தச் சொல் வேறு கதையிலும் பேப்பரிலும் திரும்ப வருமா? இரண்டுக்கும் ஓம் என்றால் எட்டுக்குள் சேரும். ஒன்றுக்கு மட்டும் ஓம் என்றால் போகிறபோக்கில் கருத்தைச் சொல்லிவிட்டு நகருங்கோ. இரண்டுக்கும் இல்லையென்றால், உதாரணமாக ஒரே ஒரு இடத்தில் வருகிற மீன் பெயர், "ஏதோ ஒரு மீன்" என்றால் போதும்.

40 நிமிடத்தில் முதல் ஆறு ஏழு நிமிடம் நீங்கள் வாசியுங்கோ. அந்த நேரம் ஒருத்தர் கையிலும் பென்சில் இருக்கக்கூடாது. பென்சில் இருந்தால் பிள்ளை கதையைக் கேட்காது, சொல்லைத் தேடிக்கொண்டு இருக்கும். ஆர், எங்கே, என்ன நடந்தது என்று மூன்று நிமிடம் வாயால் கேளுங்கோ. அதன்பிறகு பத்து நிமிடம் அவர்களே மௌனமாக வாசித்து, புதுச்சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி. கோடு வேண்டாம், கோடு கீறத் தொடங்கினால் முழு வசனத்துக்கும் கீறிவிடுவினம். மிச்ச நேரம் முழுக்க அந்த எட்டுச் சொல்லுக்கு. அகராதி இன்னும் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கோ.

கடற்கரைக் கதை என்றபடியால் ஒரு மாதிரிப் பந்தி எழுதுகிறேன்:

"வாடியில் விளக்கு எரியவில்லை. சம்மாட்டி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணற்றிட்டில் நின்றார். கச்சான் விடியமுன்னமே எழும்பிவிட்டது. வெளியே நின்ற வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவர இரண்டு பேர் மாறி மாறித் தண்டு வலித்தார்கள்; முகத்தில் அடித்த காற்று விட்டுக்கொடுக்கவில்லை. கரையில் கிடந்த வலையின் மடியில் இருந்த மீனை விரல்விட்டு எண்ணலாம். 'இன்றைக்கும் பாடில்லை' என்றார் சம்மாட்டி, யாரையும் பாராமல்."

இதில் ஆபத்தான சொற்கள் புதுச்சொற்கள் இல்லை. தெரிந்த முகத்தோடு வந்து வேறு கருத்தைச் சொல்கிறவைதான். "கச்சான்" என்றால் பிள்ளைக்கு நிலக்கடலைதான் ஞாபகம் வரும், புள்ளியும் போடாது. ஆனால் கடலை விடியமுன்னம் எழும்புமா? அந்த வினைச்சொல்லில் கையை வையுங்கோ. இரண்டு வசனம் தள்ளி "முகத்தில் அடித்த காற்று" என்று வருகிறது. அப்ப கச்சான் ஒரு காற்று. எந்தத் திசைக் காற்று? நம்முடைய கரையில் கடல் கிழக்கே, தரை மேற்கே. கரைக்கு வருகிற வள்ளத்தில் இருப்பவருக்கு முகத்தில் அடிப்பதென்றால் காற்று தரைப்பக்கத்திலிருந்து, மேற்கிலிருந்து வர வேணும். மேல்காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். இதைப் பிள்ளை கரும்பலகையில் ஒரு கோடு கீறி, அம்புக்குறி போட்டுக் கண்டுபிடிக்கட்டும். ஐந்து நிமிடம் போகும், போனால் போகட்டும்.

"வலித்தார்கள்" அடுத்தது. தண்டுக்கு நோவு வந்தது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். இங்கே துப்பு இலக்கணத்தில் இருக்கு. நோவென்ற கருத்தில் வலிப்பது கால், தலை, வயிறு. "கால் வலித்தது" என்று அஃறிணை முடிவுதான் வரும். "வலித்தார்கள்" என்று ஆட்கள் எழுவாயாக வந்தால் இழுத்தார்கள் என்ற கருத்து. தண்டு என்பது துடுப்பு. ஆகவே துடுப்புப் போட்டார்கள். ஆர் எழுவாய் என்று கேட்கப் பழகின பிள்ளை இந்த மாதிரி இருபது சொல்லைத் தானே பிடிக்கும்.

"மடி" அம்மாவின் மடி இல்லை, வலையின் கடைசியில் மீன் வந்து சேர்கிற பை. "சம்மாட்டி"யை "சம்மட்டி" என்று வாசிக்கிற பிள்ளை இருக்கும், ஒரு காலை விட்டால் வலைச்சொந்தக்காரர் இரும்புச் சுத்தியலாகிவிடுவார். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால்தான் அது பிடிபடும். "கக்கம்" மட்டும் மிகச் சுகம்: கமக்கட்டு என்று சொல்லுங்கோ, முடிந்தது. வீட்டுச்சொல் இருக்கிற இடத்தில் எழுத்துத்தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

உப்புவெளி வாசிப்பு வட்டம்:

திசை கண்டுபிடிக்கிற வேலை நன்றாக இருக்கிறது, கட்டாயம் செய்கிறோம். அகராதி பற்றி ஒரு கேள்வி. நிலையத்தில் ஒரு அகராதி இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. "மணற்றிட்டு" தேடினால் கிடைக்காது, "எழும்பிவிட்டது" தேடினால் கிடைக்காது, பிறகு மூடி வைத்துவிடுகிறார்கள்.

நூலகத்தடி:

தமிழ் அகராதி பார்க்க இரண்டு கத்தி வேண்டும். ஒன்று வாலை வெட்ட, மற்றது மூட்டை வெட்ட.

வால்: வினைச்சொல்லை ஏவலாக்கச் சொல்லுங்கள். "ஒருவரைப் பார்த்து அந்த வேலையைச் செய் என்று எப்படிச் சொல்வாய்?" எழும்பிவிட்டது, எழும்பு. இடுக்கிக்கொண்டு, இடுக்கு. வலித்தார்கள், வலி. கஷ்டம் வருவது மெய்யெழுத்தில் முடிகிற வினைகளில்: நின்றான் என்பது நில், கேட்டான் என்பது கேள், கொண்டான் என்பது கொள், விற்றான் என்பது வில். இந்த நாலையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூட்டு: ஒரு கூட்டுச்சொல்லின் நடுவில் ற் அல்லது ட் இருந்து அதற்குப் பிறகு வல்லினம் வந்தால், அங்கே ஒரு ல், ள், ன், ண் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை, கடல். நாட்குறிப்பு, நாள். பொற்காசு, பொன். மட்குடம், மண். அடுத்த சொல் த-வில் தொடங்கினால் அந்தத் த-வும் மாறிவிடும்: மணல் + திட்டு, மணற்றிட்டு; கடல் + தொழில், கடற்றொழில். கடற்றொழில் என்ற சொல்லைப் பிள்ளைகள் அரசாங்கப் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பார்கள், "றொழில்" என்று ஒரு சொல் இல்லை என்று அதிலேயே காட்டிவிடலாம்.

வரிசையிலும் தடுக்குவார்கள். ழ, ள, ற, ன நாலும் வ-வுக்குப் பிறகு, கடைசியில். ர-வுக்குப் பக்கத்தில் ற-வைத் தேடினால் கிடைக்காது. புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முந்தி வரும், ஆகவே "கக்கம்" முதலில், "ககனம்" பிறகு.

எந்த அகராதி என்பதும் முக்கியம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதி. 1992 முதல் பதிப்பு, பிறகு 2008, 2020. இலங்கை வழக்குக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள், எடுத்துக்காட்டு வசனமும் இருக்கும். பழைய சொல், தொழிற்சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் வினைகள் "தல்" விகுதியோடு இருக்கும். ஒரு சொல்லுக்குப் பத்துக் கருத்து வரிசையாக வரும்போது பிள்ளை முதலாவதைத்தான் எழுதும். அதைத் தடுக்க ஒரே வழி, கருத்தை எழுதமுன் கதை வசனத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கருத்தை வைத்து வாசிப்பது. வசனம் நொண்டினால் அடுத்த கருத்து.

கதைக்கு: மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் கதைகளில் இந்தக் கரைப் பேச்சு இருக்கிறது. ஈழத்துத் தொகுதிகள் பல "நூலகம்" எண்ணிம நூலகத்தில் இலவசம். அநேகமானவை பக்கங்களைப் படம்பிடித்த கோப்புகள், கைப்பேசியில் எழுத்துச் சின்னதாகத் தெரியும். வகுப்புக்கு அச்சிட்டே கொடுங்கள், வரிக்கு நடுவில் பென்சில் போகிற அளவு இடம் விட்டு.

கரைவலை:

ரீச்சரின் பந்தி நல்லது, ஆனால் "பாடு" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டீர்கள். அந்த வசனத்தில் அது மீன்பாடு, அகப்பட்ட மீன். கரைவலைக்காரரிடம் "உங்கட பாடு எங்கே?" என்று கேட்டால் வலை இழுக்கிற கரைத்துண்டைக் காட்டுவார்கள், அதற்கும் பாடு என்றுதான் பெயர். "பெரும்பாடு" என்றால் கஷ்டம். "மீன்பாடும் தேன்நாடு" என்று மட்டக்களப்பைச் சொல்லும்போது அது பாட்டு. ஒரே எழுத்து, நாலு வேலை. அதனால் "பாடு = மீன்" என்று கொப்பியில் ஏறினால் அடுத்த கதையிலேயே கவிழும்.

இன்னொன்று. கச்சான் படிப்பித்த சூட்டோடு வாடை, சோளகம், கொண்டல் என்ற மற்றக் காற்றுப் பெயர்கள் மூன்றையும் சேர்த்துப் படிப்பிக்க ஆசை வரும். செய்யாதீர்கள். ஒரே குடும்பச் சொற்களைப் புதிதாக ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பும். எது வடக்கு, எது தெற்கு என்று கடைசிவரை தடுமாறுவார்கள். இது சொற்கற்றல் ஆய்வுகளிலும் பார்க்கப்பட்ட விஷயம். கச்சான் ஊன்றிய பிறகு, வேறொரு கதையில் மாரிக் கடல் வரும்போது வாடை தானாக வரட்டும். எதிர்ச்சொற்களுக்கும் இதே கதைதான்: வற்று, பெருக்கு இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

கோட்டையடி:

துப்பு வைத்து ஊகிப்பது எல்லாம் சரி, ஆனால் ஊகம் பிழைத்தால் அந்தப் பிழையே மனதில் பதியும். "கக்கத்தில் இடுக்கி" என்பதற்குக் கை என்று ஊகித்தாலும் வசனம் ஓடும், தோள் என்றாலும் ஓடும். அதற்கு நேரே கருத்தைச் சொல்லிவிட்டால் என்ன?

தமிழ் ரீச்சர் (தம்பலகாமம்):

கக்கத்துக்கு நேரே சொல்லத்தான் வேணும், மேலேயும் அதைத்தானே சொன்னேன். வசனத்தில் துப்பு இருக்கிற சொல்லை மட்டும் ஊகிக்க விடுங்கோ. துப்பு எது என்று நீங்கள் முதலே விரல் வைத்துக் காட்ட ஏலாவிட்டால் அது ஊகிக்கிற சொல் இல்லை. ஊகத்தைப் பென்சிலால் எழுதட்டும், அதே வகுப்பில் அகராதி பார்த்துப் பேனையால் திருத்தட்டும். பிழையான ஊகம் ஒரு இரவு கொப்பியில் தங்கக்கூடாது. அதோடு கரைவலை சொன்னது சரி, "பாடு" என்னுடைய விடுபடல்.

நூலகத்தடி:

வரிசை மாறினால் முழிக்கிற விஷயத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பட்டியலைப் பாடமாக்கினால் மூளை முந்தைய சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொல்லும், கருத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லாது. பட்டியலைக் கிழித்து அட்டையாக்குங்கள். ஏ4 தாளை மூன்று தரம் மடித்தால் எட்டுத் துண்டு, ஒரு கதைக்கு ஒரு தாள் கணக்காக இருக்கும். முன்பக்கம் கதை வசனம், அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு. தனிச் சொல்லை மட்டும் எழுதினால் "மடி" எந்த மடி என்று யாருக்கும் தெரியாது. பின்பக்கம் கருத்து, வினையாக இருந்தால் ஏவல் வடிவம், பிள்ளை தானே எழுதிய ஒரு வசனம்.

மூன்று சவர்க்காரப் பெட்டி போதும். புது அட்டை முதல் பெட்டியில், தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்னால் இரண்டாவதற்கு, மூன்று நாளுக்கொருமுறை. அதிலும் சரியென்றால் மூன்றாவதற்கு, கிழமைக்கொருமுறை. எங்கே பிழைத்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. முதல் நாளைத் தவறவிடக் கூடாது. படித்தது வேகமாக மறப்பது முதல் ஒரு நாளுக்குள் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து எழுதியிருக்கிறார். நீங்கள் அடுத்த கிழமைதான் கேட்கிறீர்கள், அதற்குள் பெரும்பகுதி போய்விடும். அன்றிரவே வீட்டில் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டையைப் பார்க்கும்போது பிள்ளைகள் செய்கிற கள்ளவேலை ஒன்று உண்டு. முன்பக்கத்தை வாசித்த கையோடு திருப்பிப் பார்த்து "ஓ, இது தெரியும்" என்று அடுத்ததற்குப் போவார்கள். பார்த்தவுடன் தெரிவது வேறு, தானாக நினைவுக்கு வருவது வேறு. வாயால் சொன்ன பிறகுதான் திருப்பலாம் என்று விதி வையுங்கள்.

கிழமைக் கேள்வியையும் மாற்றுங்கள். "கருத்து என்ன?" வேண்டாம். கதையில் வராத புது வசனத்தில் இடைவெளி விட்டுக் கேளுங்கள்: "காற்று விழுந்ததால் பாயை இறக்கிவிட்டுத் தண்டு ______." சில நேரம் பிழையான வசனத்தையே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்: "பல் தண்டு வலித்தது." பிழையைக் கண்டுபிடிக்கிற பிள்ளை சொல்லைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எழுத்தில் வர வேண்டுமென்றால் சொல்லைச் சோடியோடு கொடுக்க வேண்டும்: நங்கூரம் பாய்ச்சு, பாய் விரி, வலை வீசு, தண்டு வலி. "நங்கூரம் போட்டான்" என்றால் பிழையில்லை, ஆனால் "பாய்ச்சினான்" என்று ஒரு கதையில் பார்த்த பிள்ளைக்கு அது கைக்கு வர வேண்டும்.

உப்புவெளி வாசிப்பு வட்டம்:

மாதம் 32 சொல்தான் வரும் போலிருக்கிறது, முன்பு 150 எழுதினோம். பெற்றோர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் குறைந்துவிட்டது என்று சொல்வார்கள், அதைப் பிறகு பார்ப்போம். கடைசியாக ஒன்று: "மடி"க்கு அம்மாவின் மடியும் வலையின் மடியும் ஒரே அட்டையில் எழுதலாமா?

கரைவலை:

அம்மாவின் மடிக்கு அட்டை எதற்கு, அது தெரிந்த சொல். வலையின் மடிக்கு மட்டும் போடுங்கள், பின்பக்கத்தில் ஒரு வலைப்பையும் இரண்டு மீனும் கீறச் சொல்லுங்கள். "பாடு" மாதிரி இரண்டுமே புதுக்கருத்து என்றால் இரண்டு அட்டை, இரண்டு வேறு வசனம், ஒரு கிழமை இடைவெளி.